பண்பாடு என்று சொன்னால் போதுமா?

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் மென்பொருள் வேலை பார்ப்பவர்களில் பலர் ஒரு தடவையாவது அந்தப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். அமெரிக்க வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும், ஜெர்மன் மேலாளருக்கு எப்படி மெயில் எழுத வேண்டும் என்று அரை நாள் சொல்லித் தருவார்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் திரையில் வண்ணப் பட்டைகள் வந்து நிற்கும். அதிகார இடைவெளி: இந்தியா 77, அமெரிக்கா 40. தனிநபர் நாட்டம்: இந்தியா 48, அமெரிக்கா 91. மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொல்ல நாம் தயங்குவது இதனால்தான், அவர்கள் பட்டென்று பேசிவிடுவதும் இதனால்தான் என்று பயிற்சியாளர் விளக்குவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த வேலையை ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டது யார், சம்பள உயர்வு யார் கையில் இருக்கிறது, மறுத்துப் பேசியவருக்குப் போன வருடம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் அந்தப் பட்டைக்குள் காணாமல் போய்விடும்.

மனித மனத்தைப் படிக்கிற துறைக்குப் பண்பாடு தேவையா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. தேவைதான். அந்தத் துறை பண்பாட்டைக் கையாளும் விதம்தான் இன்னும் சரியாகவில்லை. ஒரு நாட்டின் பெயரை எழுதி, அதற்கு ஒரு மதிப்பெண் போட்டு, பிறகு அந்த மதிப்பெண்ணையே காரணமாகக் காட்டும் பழக்கம் அரை நூற்றாண்டாக ஊறிப்போயிருக்கிறது. அதனால் நன்மை விளைந்ததை மறுக்க முடியாது. ஆனால் ஆய்வு எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே அது முடிந்துபோவதற்கும் இந்தப் பழக்கமே காரணம்.

நன்மையை முதலில் சொல்லிவிடலாம். 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முக்கிய இதழ்களை எடுத்துக்கொண்டு, 2003 முதல் 2007 வரை அவற்றில் வந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் யார் என்று கணக்குப் பார்த்தார். 68 சதவீதம் பேர் அமெரிக்கர்கள். ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற மேற்கத்தியத் தொழில்வள நாடுகளையும் சேர்த்தால் 96 சதவீதம். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான். அந்த அமெரிக்கர்களிலும் பலர் யார்? உளவியல் பாடம் எடுத்துப் படிக்கும் கல்லூரி மாணவர்கள். ஆய்வுக்கு வந்து உட்கார்ந்தால் பாடத்தில் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காக வந்தவர்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பறையில் பென்சிலால் நிரப்பிய தாள்களிலிருந்து ‘மனிதன் இப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறான், இப்படித்தான் முடிவெடுக்கிறான்’ என்ற பாடநூல்கள் பிறந்தன. நம் கல்லூரிகளில் அதை மனப்பாடம் செய்து எழுதித் தேர்ச்சி பெற்றோம்.

2010இல் ஜோசப் ஹென்ரிச், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சயன் ஆகிய மூவரும் கனடாவிலிருந்து எழுதிய கட்டுரை இந்த நிலைமையைப் போட்டு உடைத்தது. மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, பணக்கார, ஜனநாயக சமூகத்தவர் என்பதற்கான ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘வியர்ட்’, அதாவது விசித்திரப் பிறவிகள், என்று அந்த மாணவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். மனித குலத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் பல விஷயங்களில் ஒரு ஓரத்தில் நிற்பவர்கள் என்று காட்டினார்கள். இந்த ஒரு கண்டிப்புக்காகவே பண்பாட்டு உளவியலுக்கு நன்றி சொல்லலாம். ‘உங்கள் ஊரில் சரி, எங்கள் ஊரில்?’ என்று கேட்கும் துணிவு அதனால் வந்தது.

ஆனால் அந்தக் கட்டுரை முன்னால் நிறுத்திய சாட்சியங்களில் ஒன்றின் கதையைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். அதன் ஒரு நுனி நம் நீலகிரியில் இருக்கிறது.

இரண்டு சம நீளக் கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத் தலை போல உள்நோக்கி மடங்கிய சிறகுகள், மற்றதில் வெளிநோக்கி விரிந்த சிறகுகள். இரண்டாவது கோடு நீளமாகத் தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. முல்லர்-லையர் மாயத்தோற்றம் என்பது இதன் பெயர். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆல்ஃபிரட் ஹேடன் தலைமையில் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன குழுவில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இருந்தார். மருத்துவர், உளவியலாளர். அங்கே மரே தீவு மக்களிடம் இந்தக் கோடுகளைக் காட்டினார். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் காட்டினார். ‘நாகரிகமில்லாதவர்கள்’ எளிதில் ஏமாறுவார்கள் என்று அக்கால ஐரோப்பியர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. இரு கூட்டத்தாரும் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். தோடர்களின் புலன்களைப் பற்றிய முடிவுகளை ரிவர்ஸ் 1905இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய தோடர் நூல் பெரும்பாலும் உறவுமுறையையும் எருமைக் கொட்டில் சடங்குகளையும் பற்றியது. கோடுகளைக் காட்ட வந்தவரை மக்கள் இழுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1966இல் சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் இதே சோதனையைப் பெரிய அளவில் செய்து நூலாக்கினார்கள். அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரத்தார் மிக அதிகமாக ஏமாந்தார்கள். கலஹாரிப் பாலைவனத்தின் வேட்டைச் சமூகத்தார் கிட்டத்தட்ட ஏமாறவே இல்லை. இதற்குச் சொன்ன விளக்கம் அழகானது. மூலை மடிந்த சுவர், சதுர அறை, செங்கோணச் சன்னல் என்று தச்சன் அறுத்து வைத்த உலகில் வளர்பவரின் கண், அம்புச் சிறகைப் பார்த்ததும் அறை மூலையாக எடுத்துக்கொண்டு தூரத்தைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. வட்டக் குடிசையிலும் வெட்டவெளியிலும் வளர்ந்தவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தோடர்களின் வளைந்த கூரைக் குடிசையைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் இன்னும் இனிக்கும். பாடநூல்கள் இதை அப்படியே ஏற்றுக்கொண்டன. பார்வையையே பண்பாடு வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்குமா?

2015இல் இந்தியாவிலிருந்தே ஒரு முட்டுக்கட்டை வந்தது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே கண்புரை வந்து பார்வையில்லாமல் வளர்ந்த இந்தியக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். 8 முதல் 16 வயதுவரை உள்ள ஒன்பது பேருக்குச் சிகிச்சை முடிந்த உடனேயே அந்தக் கோடுகளைக் காட்டினார்கள். அறை மூலையையே அதுவரை கண்ணால் கண்டிராத பிள்ளைகள். அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள். செங்கோண உலகில் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகித்தான் இந்த மாயம் வருகிறதென்றால் இவர்களுக்கு எப்படி வந்தது? 2025இல் டோர்சா அமீரும் சாஸ் ஃபயர்ஸ்டோனும் இதுவரையிலான சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, இந்த மாயத்தோற்றம் பண்பாடு உண்டாக்கியது என்ற வாதம் நிற்காது என்று எழுதினார்கள். விலங்குகள் சிலவும் இதில் ஏமாறுகின்றன. செங்கோணமே இல்லாத வளைகோடுகளை வைத்து வரைந்தாலும் மாயம் குறைவதில்லை.

அப்படியானால் 1966இல் தெரிந்த வேறுபாடுகள்? காட்டிய விதம், கேட்ட விதம், மொழிபெயர்ப்பு, அந்நியர் கொண்டுவந்த தாளைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்ற குழப்பம் என்று எத்தனையோ இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. பண்பாடு என்ற விளக்கம் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் அரை நூற்றாண்டு பாடநூல்கள் அதைப் பெரிதாக உரசிப் பார்க்கவில்லை. வேறுபாடு ஒன்று தெரிந்தது, பக்கத்தில் பண்பாடு இருந்தது, இரண்டையும் முடிச்சுப் போட்டாயிற்று.

இப்படி முடிச்சுப் போட வசதியாக இருப்பதற்கு ஒரு காரணம், பண்பாடு எது என்பதில் உள்ள தாராளம். 1871இல் எட்வர்ட் டைலர் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் தந்த விளக்கத்திலிருந்து தொடங்கி, 1952இல் க்ரோபரும் க்ளக்கோனும் திரட்டியபோது நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வரையறைகள் சேர்ந்திருந்தன. உளவியலாளர்கள் இந்தக் குவியலுக்குள் இறங்க விரும்பவில்லை. கையாள வசதியாக ஒன்று வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் வரையறையில் இரண்டு விஷயங்கள் இருந்தாலே உளவியலுக்குப் பயன்படும். ஒன்று, பிறரிடமிருந்து கற்றுக்கொள்வது. இரண்டு, அது எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் புழங்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் ‘குடும்பம்’ என்பது ஒரே அனுபவம் கிடையாது. இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் நாட்டின் பெயரே பண்பாடாகிவிடும். அப்படித்தான் ஆயிற்று.

இனி பயிற்சி வகுப்பில் பார்த்த அந்த எண்களுக்கு வரலாம். கீர்ட் ஹோஃப்ஸ்டெட் நெதர்லாந்துக்காரர். ஐ.பி.எம். நிறுவனம் உலகெங்கும் தன் ஊழியர்களிடம் 1967க்கும் 1973க்கும் இடையில் நடத்திய மனநிலைக் கணக்கெடுப்பின் தாள்கள் அவர் கையில் இருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து நாற்பது நாடுகளுக்கு மதிப்பெண் கணக்கிட்டு 1980இல் நூல் வெளியிட்டார். அவருடைய யோசனை சாமர்த்தியமானது. ஒரே கம்பெனி, ஒத்த வேலை, ஏறக்குறைய ஒத்த படிப்பு. இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சும் வித்தியாசம் நாட்டினுடையதுதானே? அதுவரை பண்பாடு என்றால் பயணக் குறிப்பும் ஊகமுமாக இருந்த இடத்தில், பொய்யென்று நிரூபிக்கத்தக்க ஒரு கூற்றை அவர் வைத்தார். இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

இந்தியாவின் 48 என்ற எண்ணை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1970 வாக்கில் இந்தியாவில் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர்கள் யார்? கோட்டு போட்டுக்கொண்டு கணிப்பொறி விற்றவர்கள், ஆங்கிலத்தில் படித்தவர்கள், கைவிரல் விட்டு எண்ணத்தக்க நகரங்களில் வசித்தவர்கள். 1978இல் அந்த நிறுவனமே இந்தியாவை விட்டுப் போய்விட்டது. எண் மட்டும் தங்கிவிட்டது.

அதைவிட, கேள்விகளைப் பார்க்க வேண்டும். வேலையில் உங்களுக்கு எது எவ்வளவு முக்கியம் என்று கேட்டு வாங்கிய பதில்களிலிருந்து தனிநபர் நாட்டம் கணக்கிடப்பட்டது. சொந்த வாழ்க்கைக்கு நேரம் வேண்டும், நினைத்தபடி வேலை செய்யும் சுதந்திரம் வேண்டும், சவாலான வேலை வேண்டும் என்பவை ஒரு பக்கம் சேர்ந்தன. அது தனிநபர் நாட்டம். எதிர்ப்பக்கம் சேர்ந்தவை எவை தெரியுமா? பயிற்சி வாய்ப்பு வேண்டும், வேலையிடத்தில் காற்றும் வெளிச்சமும் வேண்டும், கற்ற திறமையை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்பவை. குழு நாட்டம் என்று பெயர் பெற்றது இதுதான். குடும்பம், சாதிசனம், ஊர் என்ற பேச்சே அதில் இல்லை. வெளிச்சமான அறையும் தொழிற்பயிற்சியும் கேட்டவரை ‘கூட்டத்தோடு வாழ்பவர்’ என்று எழுதிவைத்தாயிற்று. பணக்கார நாட்டில் அறையும் பயிற்சியும் தானாகக் கிடைப்பதால் யாரும் அதைக் கேட்பதில்லை. நாட்டின் செல்வமும் தனிநபர் மதிப்பெண்ணும் சேர்ந்தே ஏறுவதை ஹோஃப்ஸ்டெட்டே காட்டியிருக்கிறார். அப்படியானால் திரையில் ஓடும் பட்டை பண்பாட்டைக் காட்டுகிறதா, வருமானத்தைக் காட்டுகிறதா?

நியாயமாகச் சொல்ல வேண்டும்: நாட்டு மதிப்பெண்ணைத் தனி மனிதர் மேல் ஒட்டாதீர்கள் என்று ஹோஃப்ஸ்டெட் திரும்பத் திரும்ப எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உளவியல் ஆய்வேடுகளில்கூட ‘இந்தியர்கள் குழு நாட்டம் உடையவர்கள் என்பதால்’ என்று முன்னுரையில் ஒரு வரி, முடிவுரையில் அதே வரி. இடையில் அதை யாரும் அளந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சங்கடம். 2002இல் டாஃப்னா ஆய்சர்மனும் சகாக்களும் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்கர்கள் ஜப்பானியரையும் கொரியரையும்விடக் குழு நாட்டத்தில் குறைந்தவர்களாகத் தெரியவில்லை. 2016இல் வாஸ் தாராஸ் குழுவினர் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பண்பாட்டு விழுமியங்களில் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் நாடுகளுக்கு உள்ளேயே இருக்கிறது என்றார்கள். வேலை, படிப்பு, வர்க்கம் ஆகியவை நாட்டு எல்லையைவிட நல்ல பிரிகோடாக இருக்கின்றன. வினாத்தாளிலும் ஒரு கோளாறு உண்டு. ‘நீங்கள் பெரியவர்களை மதிப்பவரா?’ என்று கேட்டால் ஒருவர் தன்னை யாரோடு ஒப்பிட்டுப் பதில் சொல்வார்? பக்கத்து வீட்டுக்காரரோடு. மதுரையில் இருப்பவர் மதுரைக்காரர்களோடு ஒப்பிட்டு ‘ஓரளவு’ என்பார், டொரன்டோவில் இருப்பவர் டொரன்டோக்காரர்களோடு ஒப்பிட்டு ‘மிகவும்’ என்பார். இரண்டு தாளையும் கூட்டிக் கழித்து என்ன பயன்?

தமிழர்களைப் பற்றியே ஒரு நல்ல மறுப்பு உண்டு. மானிடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் சென்னை ஜார்ஜ் டவுன் வணிகர்களோடும் பிறரோடும் நெடுங்காலம் பழகி 1994இல் எழுதிய நூலில், இந்தியாவில் தனிமனிதன் என்ற கருத்தே இல்லை என்று பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் வழியில் பேசிவந்தவர்களுக்குப் பதில் இருக்கிறது. தங்கள் வாழ்க்கையைச் சொல்லும்போது அம்மனிதர்கள் தாங்கள் எடுத்த முடிவுகளை, பெற்றோரை மீறிய சந்தர்ப்பங்களை, தங்கள் பெயருக்குச் சேர்த்த மதிப்பைச் சொன்னார்கள். அவர்களுடைய தனித்துவம் கோயில் தர்மகர்த்தா பதவியிலும் சங்கத் தலைமையிலும் வெளிப்பட்டது. அமெரிக்கத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

தாளை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்கள் கற்றது அதிகம். மேற்கு ஆப்பிரிக்காவில், லைபீரியாவின் க்பெல்லே விவசாயிகளிடம் மைக்கேல் கோலும் சகாக்களும் வேலை பார்த்தபோது நடந்தது இது. கத்தி, ஆரஞ்சு, மண்வெட்டி, உருளைக்கிழங்கு போன்ற இருபது பொருள்களைக் கொடுத்து, சேர வேண்டியவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். கத்தியை ஆரஞ்சோடு வைத்தார்கள், வெட்டுவதற்கு. உருளைக்கிழங்கை மண்வெட்டியோடு வைத்தார்கள், தோண்டுவதற்கு. உணவு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம் என்று வகை பிரிக்கத் தெரியாதவர்கள், அருவமாகச் சிந்திக்க இயலாதவர்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. புத்தியுள்ளவன் இப்படித்தான் வைப்பான் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததால், அந்தக் குழுவின் ஜோசப் க்ளிக் கடைசியில் கேட்டார்: முட்டாள் என்றால் எப்படி வைப்பான்? உடனே உணவெல்லாம் ஒரு பக்கம், கருவியெல்லாம் ஒரு பக்கம், பாத்திரம் துணிமணி தனித்தனியாக, பாடநூலில் உள்ளபடி அச்சாக வந்து உட்கார்ந்தன.

இதே தடத்தில் ராபர்ட் செர்ப்பல் 1979இல் செய்ததும் நல்ல வேலை. ஜாம்பியாவின் லுசாக்கா பிள்ளைகளுக்கும் மான்செஸ்டர் பிள்ளைகளுக்கும் ஒரே வடிவத்தைப் பார்த்துச் செய்யும் வேலை கொடுத்தார். தாளில் வரையச் சொன்னால் ஆங்கிலப் பிள்ளைகள் முந்தினார்கள். கம்பியில் வளைக்கச் சொன்னால், தெருவில் கம்பியால் கார் செய்து ஓட்டிப் பழகிய ஜாம்பியப் பிள்ளைகள் முந்தினார்கள். களிமண்ணில் இரு பக்கமும் சமம். நாட்டைச் சொல்லாமலே முடிவைப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பிள்ளைகளின் கை எதில் பழகியிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட மைசூர் ஆய்வும் இந்த வரிசையில் வைக்கத் தக்கது. பின்சக்கரம் வெடித்து ஒரு மோட்டார்சைக்கிள் கவிழ்கிறது. பின்னால் இருந்தவருக்குத் தலையில் அடி. வண்டி ஓட்டியவர் வழக்கறிஞர். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, டாக்டரிடம் நிலைமையைக்கூடக் கேட்காமல் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். ஏன் அப்படிச் செய்தார்? அமெரிக்கர்கள் பெரும்பாலும் அவருடைய குணத்தைச் சொன்னார்கள்: பொறுப்பில்லாதவர், சுயநலக்காரர். மைசூர்க்காரர்கள் கோர்ட் கடமை, பதற்றம், அடி எவ்வளவு என்று தெரியாதது என்று சூழலைச் சொன்னார்கள். இதோடு நின்றிருந்தால் இன்னொரு ‘கிழக்கு மேற்கு’ கட்டுரைதான். மில்லர் குழந்தைகளையும் கேட்டிருந்தார். எட்டு வயதில் சிகாகோ பிள்ளைகளும் மைசூர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி பேசினார்கள். வயது ஏற ஏறத்தான் பாதை பிரிந்தது. பண்பாடு கற்றுக்கொள்ளப்படுகிறது என்று சொல்வது எளிது. எந்த வயதில், எந்தத் திசையில் என்று காட்டுவதுதான் உளவியல்.

அண்மைக்கால ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது நெல். தாமஸ் டால்ஹெல்ம் குழுவினர் 2014இல் சீனாவின் ஹான் இன மாணவர்கள் 1,162 பேரிடம் கேட்டார்கள்: ரயில், பஸ், தண்டவாளம், இவற்றில் எந்த இரண்டு சேரும்? தென்சீனத்தின் நெல் மாகாணத்தார் உறவு பார்த்து ரயிலைத் தண்டவாளத்தோடும், வடக்கின் கோதுமை மாகாணத்தார் வகை பார்த்து ரயிலைப் பஸ்ஸோடும் சேர்க்கும் போக்கு அதிகம். ஒரே நாடு, ஒரே இனம், ஒரே அரசு. நெல்லுக்கு நீர் பாய்ச்சவும் நாற்று நடவும் அக்கம்பக்கத்தார் கை வேண்டும். கோதுமைக்கு அவ்வளவு வேண்டாம். நாடு என்ற மூட்டையை அவிழ்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த முயற்சி என்பதால் இதை மதிக்கிறேன். 2024இல் நிங்சியாவில் 56 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள, ஒன்றில் நெல்லும் மற்றதில் கோதுமையும் விளையும் இரண்டு அரசுப் பண்ணைகளை எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பண்ணைக்குப் போவது என்பதை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசு அனுப்பியது. அங்கும் இந்த வேறுபாடு தெரிந்தது.

காவிரி டெல்டாவைத் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. வாய்க்கால் வெட்டுவதிலும் முறைவைத்து நீர் விடுவதிலும் ஊர் ஒன்றுகூடியது உண்மை. அந்த ஊரில் மிராசுதார் வரப்பில் நின்றார், பண்ணையாள் சேற்றில் நின்றார். நாற்று நட்டவர்களின் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் நெல் அறுவடைக் கூலிக்கான தகராறு இருந்தது. தண்டவாளக் கேள்விக்கு மிராசுதாரின் மகனும் பண்ணையாளின் மகனும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கக் கூடும். இருவரையும் ‘நெல் பண்பாட்டின் கூட்டுணர்வு’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்து எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும், அவமானமாகவும் இருக்கும். ஒத்துழைப்பு என்பதைப் பண்பாட்டு உளவியல் எடுத்துப் பார்க்கும்போது அந்த ஒத்துழைப்பு யாருக்கு விருப்பம், யாருக்குக் கட்டாயம் என்ற கேள்வி பெரும்பாலும் வினாத்தாளில் இருப்பதில்லை. இந்தியாவைப் பற்றி எழுதும்போது சாதியை ஒரு மாறியாகக்கூடச் சேர்க்காத ஆய்வுகளைப் பார்க்கும்போது, அதை மறதி என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இதெல்லாம் ஆய்வுக்கூடச் சண்டை என்று ஒதுக்க முடியாத இடம் மருத்துவமனை. 2015இல் மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் மருத்துவர்களோடும் கானா நாட்டு மருத்துவரோடும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றியது. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். குரல் என்ன சொல்கிறது, யாருடைய குரல் என்று விசாரித்தார்கள். அமெரிக்கர்கள் வன்முறையை, சித்திரவதையை, போரைச் சொன்னார்கள். தங்கள் நோயின் பெயரையும் மருத்துவச் சொல்லால் சொன்னார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது உறவினர் குரல்: பெற்றோர், மாமியார், நாத்தனார், அக்கா தங்கை. குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று ஏவும் குரல்கள், திட்டும் குரல்கள், சில சமயம் கேலி பேசும் குரல்கள். ஒரே நோய்ப்பெயர், உள்ளே வேறு வேறு வாழ்க்கை. குரல் என்றாலே கொடூரம் என்று மருத்துவம் எடுத்துக்கொண்டிருந்ததை இந்தச் சின்ன ஆய்வு அசைத்துவிட்டது. எண் போட்டு அளந்திருந்தால் ‘குரல் கேட்கிறது: ஆம்’ என்பதோடு முடிந்திருக்கும்.

ஆனால் இதற்கு எழுதப்பட்ட விளக்கத்தில் பழைய நெடி கொஞ்சம் அடிக்கிறது. அமெரிக்கர் தன்னைத் தனியனாகக் காண்கிறார், ஆசியர் உறவுகளுக்குள் காண்கிறார் என்ற அதே பிரிவினை. சென்னைப் பெண்ணுக்கு மாமியாரின் குரல் கேட்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? நோய் வந்த பிறகும் அவர் வீட்டில்தான் இருக்கிறார், மாமியார் அடுத்த அறையில் இருக்கிறார், பகல் முழுக்க உண்மையாகவே ‘குளிச்சியா, உலை வெச்சியா’ என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறார். அமெரிக்க நோயாளி குடும்பத்தோடு இருக்கும் வாய்ப்பு குறைவு. குரல் வேறுபடுவதற்கு மனத்தின் அமைப்பு காரணமா, வீட்டின் அமைப்பு காரணமா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சென்னையிலேயே தனியாக வாழும் நோயாளிகளைக் கேட்கலாம். அடுத்த ஆய்வு அங்கேதான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பண்பாட்டை மறந்தால் மருத்துவம் எப்படித் தவறும் என்பதற்கு மனநல மருத்துவர் ஆர்தர் க்ளைன்மன் சீனாவின் சாங்ஷாவில் 1980இல் பார்த்தது பழைய உதாரணம். நரம்புத் தளர்ச்சி என்று பெயரிடப்பட்ட நூறு நோயாளிகளில் 87 பேர் அமெரிக்க அளவுகோலின்படி மனச்சோர்வு உள்ளவர்கள். அவர்கள் சொன்னது தலைவலி, தூக்கமின்மை, அசதி. நம் அரசு மருத்துவமனை வெளிநோயாளி வரிசையிலும் இதைக் கேட்கலாம்: நெஞ்சு படபடங்குது, கைகால் ஓஞ்சு வருது, தலை பாரமா இருக்கு டாக்டர். ‘சோகமாக உணர்கிறீர்களா’ என்ற மொழிபெயர்ப்புத் தாளுக்கு ‘அதெல்லாம் இல்லைங்க’ என்ற பதில்தான் வரும். எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் சொல்லும்போது, ‘இந்த ஊர்ப் பக்கம் அப்படித்தான்’ என்று குறிப்பில் எழுதிவிட்டுத் தூக்கமாத்திரை கொடுப்பவரும் பண்பாட்டை மதிப்பதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்.

மனநோய்களை வகைப்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 கையேட்டில் இதற்கென்று 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் சேர்க்கப்பட்டது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாடு, மதம், இனம் என்று முத்திரை குத்தாமல், உங்கள் பிரச்சினையை வீட்டில் என்ன சொல்லிப் பேசுவீர்கள், எதனால் வந்ததாக நினைக்கிறீர்கள், இதில் உங்களை அதிகம் அலைக்கழிப்பது எது, உங்களுக்குத் துணை யார் என்று கேட்கிறது. இதுவரை நான் குறை சொன்ன பழக்கத்துக்கு இதுவே நல்ல மாற்று. பண்பாட்டை ஊகிக்காமல், எதிரில் இருப்பவரிடமே கேட்டுவிடுகிறது.

நடைமுறைக்கு வந்தால் இதற்கும் இரண்டு தடைகள். பதினாறு கேள்விக்குச் சுமார் இருபது நிமிடம் வேண்டும். கூட்டம் நெருக்கும் நம் வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். நேரம் கிடைத்தாலும் அறைக்குள் நோயாளி தனியாக வருவதில்லை. கணவர், மாமியார், அண்ணன் என்று கூடவே வருவார்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்வார்கள். உறவினரிடம் கேட்பதற்கென்று அந்த நேர்காணலில் தனி வடிவம் இருக்கிறது. ஆனால் ‘இது எதனால் வந்ததாக நினைக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு மருமகளின் பதில் வேண்டுமென்றால், முதலில் மற்றவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு மருத்துவருக்குப் பயிற்சி தருவது யார், அவர்களை உட்காரவைக்க அந்த வராந்தாவில் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் பண்பாட்டு உளவியல் யோசிக்க வேண்டியிருக்கிறது.